மலையிறங்கி எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறீர்களா? எந்த மெஷின், யாருக்கு, எதற்கு: முழுமையான வழிகாட்டி

“உங்ககிட்ட எத்தனை டெஸ்லா மெஷின்?” ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கோவை ஸ்கேன் சென்டர்களுக்கு போன் போடுகிறவர்கள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான், அதாவது மெஷினின் காந்தம் எவ்வளவு வலுவானது என்று. 3 என்று பதில் வந்தால் திருப்தி. 1.5 என்றால் “சரி, யோசிச்சுச் சொல்றோம்” என்று வைத்துவிடுகிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை இரண்டு உண்டு: டாக்டர் எதைத் தேடுகிறார், மெஷினுக்குள் படுக்கப் போகிற உடம்பு எப்படிப்பட்டது.

இந்த இரண்டுக்கும் பொருந்தாத மெஷினில் எடுத்தால் “படம் தெளிவா இல்ல, வேற இடத்துல எடுத்துட்டு வாங்க” என்பார்கள். காந்திபுரத்தில் குடியிருப்பவருக்கு அது ஓர் ஆட்டோ செலவு. குந்தாவிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ வருகிறவருக்கு மறுபடியும் ஒரு நாள் கூலி, துணைக்கு வருகிறவரின் கூலி, பர்லியாறு வளைவுகள், வாந்தி. அதனால் இதை எழுதும்போது என் மனதில் இருந்த கணக்கு ஒன்றுதான்: ஒரே இறக்கத்தில் வேலை முடிய வேண்டும்.

இறங்குவதற்கு முன் மலையிலேயே விசாரியுங்கள். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு எழுதியிருக்கிற ஸ்கேனை அங்கே எடுக்க முடியுமா என்று கேட்க ஒரு போன் போதும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அட்டை செல்லுமா, எந்தெந்த மருத்துவமனையில் செல்லும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சுல்தான் பத்தேரி, கோழிக்கோடு பக்கம் போவது வழக்கம். எல்லை தாண்டும் முன் இந்த அட்டை விஷயத்தைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சீட்டைப் படியுங்கள்

டாக்டர் எழுதிய சீட்டில் மூன்று தகவல் இருக்க வேண்டும். உடம்பின் எந்தப் பகுதி, என்ன சந்தேகம், படத்தைத் துலக்கிக் காட்டப் போடுகிற கான்ட்ராஸ்ட் ஊசி உண்டா இல்லையா. “எம்.ஆர்.ஐ. ஸ்பைன்” என்று மட்டும் கிறுக்கியிருந்தால் வெளியே வருவதற்குள் திரும்பிப் போய்க் கேளுங்கள். கழுத்தா, நடு முதுகா, இடுப்பா? கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் சரிவில் ஏறி இறங்கிய பெண்களுக்குக் கழுத்து வலியும் இடுப்பு வலியும் சேர்ந்தே இருக்கும். சீட்டில் தெளிவில்லை என்றால் இடுப்பை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். கழுத்துக்கு மறுபடி இறங்க வேண்டும்.

சந்தேகம் எழுதப்பட்டிருப்பது ஏன் முக்கியம்? எம்.ஆர்.ஐ. என்பது ஒரே ஒரு படம் கிடையாது. டி1, டி2, ஸ்டிர், பிளேர், டிஃப்யூஷன் என்று பல வரிசைகள் உண்டு. எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வரிசைகளை ஓட்டுவது என்று முடிவு செய்வார்கள். வலிப்புக்கு எடுக்கும் மூளைப் படமும் தலைவலிக்கு எடுக்கும் மூளைப் படமும் ஒன்றல்ல. வலிப்பு என்று சீட்டில் இருந்தால் நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகாம்பஸ் பகுதியை மெல்லிய துண்டுகளாகப் பிரித்துப் படம் எடுப்பார்கள். இல்லையென்றால் மாட்டார்கள்.

ஒரு நிலைமையில் மட்டும் எம்.ஆர்.ஐ. எங்கே இருக்கிறது என்று தேடவே கூடாது. திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதம். அங்கே முதலில் வேண்டியது சி.டி. ஸ்கேன்தான். மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்பதை அது சில நிமிடங்களில் சொல்லிவிடும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. 108-ஐக் கூப்பிட்டு, சி.டி.யும் அந்த ஊசியும் இருக்கிற கிட்டத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம் மலையில் உண்டு. பணியர், இருளர், குறும்பர் சமூகங்களில், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற சிக்கிள் செல் ரத்தசோகை இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியில் நாவா அமைப்பும் பல காலமாக அதற்கு வேலை செய்கின்றன. இந்த நோய் உள்ளவர்களுக்கு இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். “எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பிய பிறகும் தொடை இடுக்கில் வலி விடவில்லை என்றால், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று நீங்களே டாக்டரிடம் கேட்கலாம்.

இரண்டாம் படி: மெஷின்களைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்களின் கருவான புரோட்டான்கள் வலுவான காந்தத்துக்குள் போனால் ஒரு குறிப்பிட்ட ரேடியோ அலைவரிசைக்குப் பதில் கொடுக்கும். அந்தப் பதிலைப் பிடித்துக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. 1.5 டெஸ்லாவில் அந்த அலைவரிசை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. நம்மூரில் எல்லோரும் கேட்கிற கொடைக்கானல் பண்பலை 100.5-ல் ஒலிக்கிறது. அதாவது ஸ்கேன் மெஷின் வேலை செய்வது எப்.எம். ரேடியோவின் அக்கம்பக்கத்தில்தான். வெளி ரேடியோ உள்ளே நுழைந்து படத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் அந்த அறையையே செம்புத் தகட்டால் மூடியிருப்பார்கள். எக்ஸ்ரே, சி.டி.யில் இருக்கிற கதிர்வீச்சு இதில் கிடையாது.

டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமை. பூமியின் காந்தத்தோடு ஒப்பிட்டால் 1.5 டெஸ்லா 30,000 மடங்குக்கும் மேல். காந்தம் இருமடங்கானால் உடம்பிலிருந்து வருகிற சிக்னலும் ஏறக்குறைய இருமடங்காகும். அந்தக் கூடுதல் சிக்னலை வைத்து இன்னும் நுணுக்கமான படம் எடுக்கலாம். அல்லது அதே படத்தைச் சீக்கிரமாக எடுக்கலாம். இதுவரை 3 டெஸ்லாவுக்கு லாபம்.

நஷ்டக் கணக்கை விளம்பரத்தில் போட மாட்டார்கள். அதே வரிசையை அப்படியே 3 டெஸ்லாவில் ஓட்டினால் உடம்பில் இறங்கும் ரேடியோ சூடு சுமார் நான்கு மடங்கு. அதை எல்லைக்குள் வைக்க மெஷின் தானாகவே நிதானிக்கும். உடம்பில் ஸ்க்ரூ, பிளேட் இருந்தால் அதைச் சுற்றி விழுகிற கறுப்புத் திட்டு பெரிதாகும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு, நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு, படத்தின் நடுவே நிழல் விழலாம். சத்தமும் பொதுவாக அதிகம்.

எனவே 3 டெஸ்லா எதற்கு உண்மையிலேயே மதிப்பு? மருந்துக்கு அடங்காத வலிப்பு, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி, புராஸ்டேட், மணிக்கட்டு மாதிரி சிறு மூட்டுகள், குருத்தெலும்பு, காதுக்குள் போகும் நரம்புகள், ஊசி போடாமல் எடுக்கும் மூளை ரத்தக்குழாய்ப் படம். இவற்றில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மற்றபடி இடுப்பு டிஸ்க், முழங்கால் ஜவ்வு, சாதாரணத் தலைவலி, கல்லீரல், பித்தக்குழாய் எல்லாவற்றுக்கும் நல்ல 1.5 டெஸ்லா தாராளமாகப் போதும். முதுகில் ஸ்க்ரூ வைத்தவர்களுக்கும், இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் நான் 1.5-ஐத்தான் சொல்வேன். இதயத்துக்கும் பல இடங்களில் அதையே விரும்புகிறார்கள்.

காந்தத்தைப் பற்றிக் கேட்பவர்களில் காயிலைப் பற்றிக் கேட்கிறவர் மிகக் குறைவு. முழங்காலைச் சுற்றி மாட்டுகிற கூடு, தலைக்குப் போடுகிற கவசம், வயிற்றின் மேல் விரிக்கிற பாய், இவைதான் காயில். சிக்னலை வாங்குவது அதுதான். காந்தம் எவ்வளவு பலமாக இருந்தாலும் காயில்தான் காது. தோள்பட்டைக்கென்று தனிக் காயில் இல்லாத 3 டெஸ்லாவைவிட, அது இருக்கிற 1.5 டெஸ்லா நல்ல படம் தரும். மெஷின் எந்த வருஷத்தது, மென்பொருள் புதுப்பித்திருக்கிறார்களா என்பதும் சேரும். பத்துப் பதினைந்து வருஷப் பழைய 3 டெஸ்லாவுக்காகப் புதிய 1.5-ஐத் தாண்டிப் போவது வீண் அலைச்சல்.

அடுத்தது வாய் அகலம். பழைய மெஷின்களின் குழாய் 60 செ.மீ. அகலம். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவை 70 செ.மீ. அந்த 10 செ.மீ. காகிதத்தில் சின்னதாகத் தெரியும். உள்ளே படுத்தவருக்கு மூக்குக்கும் கூரைக்கும் இடையே அது பெரிய இடம். தோள் அகலமானவர்களுக்கும் பயப்படுகிறவர்களுக்கும் இதுவே முதல் தீர்வு. படத்தின் தரத்தில் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

ஓபன் எம்.ஆர்.ஐ. என்பது வேறு சமாச்சாரம். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, பக்கவாட்டில் திறப்பு. உள்ளே இருப்பது பெரும்பாலும் நிரந்தரக் காந்தம், 0.2 முதல் 0.4 டெஸ்லா வரை. காந்தத்தைக் குளிர வைக்க ஹீலியம் வேண்டாம், மின்சாரம் குறைவு, கட்டணமும் பொதுவாகக் குறைவு. குழாய்க்குள் போகவே முடியாதவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் சிக்னல் குறைவு என்பதால் நேரம் அதிகம், நுணுக்கம் குறைவு. இன்னொரு தொழில்நுட்பச் சிக்கலும் இருக்கிறது. கொழுப்பில் இருக்கிற புரோட்டானும் தண்ணீரில் இருக்கிற புரோட்டானும் எழுப்பும் அலைவரிசைகளுக்கு இடையே 3 டெஸ்லாவில் சுமார் 440 ஹெர்ட்ஸ் இடைவெளி, 1.5-ல் 220. 0.3-ல் அது 45 அளவுக்குச் சுருங்கிவிடும். இடைவெளி குறுகினால் கொழுப்பை மட்டும் அணைத்துவிட்டுப் படம் எடுப்பது கஷ்டம். ஸ்டிர் வரிசையை வைத்து ஓரளவு சமாளிப்பார்கள். கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட பிறகு அந்தச் சமாளிப்பும் கைகொடுக்காது. அதனால் இடுப்பு டிஸ்க் பிதுங்கியிருக்கிறதா என்ற கேள்விக்கு ஓபன் மெஷின் போதும். வலிப்பு, புற்றுநோய், புராஸ்டேட், பித்தக்குழாய் என்றால் அதற்குப் பக்கத்தில் போக வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 70 செ.மீ. குழாயையே “ஓபன்” என்று சொல்கிற இடங்களும் உண்டு. “குழாயா, பக்கம் திறந்ததா?” என்று நேராகவே கேளுங்கள்.

இப்போது குறைந்த டெஸ்லாவுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. சீமென்ஸ் 2020 இறுதியில் அறிமுகப்படுத்திய ஒரு மாடல் 0.55 டெஸ்லாதான், வாய் அகலம் 80 செ.மீ. கம்ப்யூட்டரின் படக் கணிப்பு முன்னேறியதால் பழைய ஓபன் மெஷின்களைவிட எவ்வளவோ நல்ல படம் தருகிறது. உலோகத்தைச் சுற்றி வரும் திட்டும் குறைவு.

மலையில் இருக்கிறவர்களுக்கு இந்த மாற்றம் வேறொரு காரணத்தாலும் முக்கியம். சாதாரண 1.5, 3 டெஸ்லா காந்தங்கள் நியோபியம்–டைட்டானியக் கம்பிச் சுருளால் ஆனவை. மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் ஊற வைத்தால்தான் மின்தடை இல்லாமல் ஓடும். மரபான மெஷினுக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் ஹீலியம் வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள காந்தத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் குளிரூட்டும் கருவி நிற்காமல் ஓட வேண்டும், நின்றால் ஹீலியம் ஆவியாகத் தொடங்கும். மண்சரிவில் ரோடு அடைத்துவிட்டால் சர்வீஸ் ஆள் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. மலை ஊர்களில் எம்.ஆர்.ஐ. அரிதாக இருப்பதற்கு நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. பிலிப்ஸ் 2018-ல் வெறும் 7 லிட்டர் ஹீலியத்தை நிரந்தரமாக அடைத்து வைத்த 1.5 டெஸ்லா காந்தத்தைக் கொண்டுவந்தது. முன்பு சொன்ன 0.55 டெஸ்லா மெஷினுக்கு ஒரு லிட்டர்கூடத் தேவையில்லை. பெங்களூரில் உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா மெஷின் செய்கிறார்கள். இப்படிப்பட்டவை தாலுகா ஊர்களுக்கு வருமானால் இந்த வழிகாட்டியின் பாதிக்கு வேலை இருக்காது.

மற்ற வகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கை கால் மட்டும் நுழைக்கிற சின்ன மெஷின்கள், நின்றபடியோ உட்கார்ந்தபடியோ எடுக்கிற மெஷின்கள், ஐ.சி.யூ. கட்டில் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிற 0.064 டெஸ்லா மெஷின், எல்லாம் உலகில் இருக்கின்றன. 7 டெஸ்லாவுக்கு அமெரிக்கா 2017-ல் மருத்துவ அனுமதி கொடுத்தது. பிரான்சில் 11.7 டெஸ்லாவில் மனித மூளையையே எடுத்துவிட்டார்கள். உங்கள் சீட்டுக்கு இவை எதுவும் தேவைப்படாது.

மூன்றாம் படி: உடம்பில் என்ன உலோகம்?

இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். மெஷினைத் தேர்ந்தெடுப்பதில் டெஸ்லாவைவிட இதுதான் பல சமயம் முடிவு செய்யும்.

பேஸ்மேக்கர் வைத்திருந்தால் உடனே “முடியாது” என்று அர்த்தமில்லை. இப்போது வைப்பவற்றில் பல, நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ.க்கு அனுமதிக்கப்பட்டவை. அந்த நிபந்தனையில் டெஸ்லா எண் இருக்கும். சிலது 1.5-ல் மட்டும், சிலது 1.5-லும் 3-லும். ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் இதய டாக்டர் பக்கம் ஆள் வந்து பேஸ்மேக்கரின் செட்டிங்கை மாற்ற வேண்டும். அந்த ஏற்பாடு இருக்கிற மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், தனி ஸ்கேன் சென்டர் ஒத்துவராது. காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாய்க்குப் போட்ட கிளிப், இவற்றுக்கும் ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த அட்டையோ, மாடல் பெயர் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியோ இல்லாமல் புறப்படாதீர்கள். அட்டையை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பி “சரி” என்று வாங்குங்கள்.

“சக்தி குறைந்த ஓபன் மெஷின்னா எதுவும் ஆகாது” என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. ஒரு கருவியை 1.5-லும் 3-லும் சோதித்துச் சான்று கொடுத்திருந்தால் அது அந்த இரண்டுக்கும்தான் சான்று. காந்தத்தின் திசையும் ரேடியோ அலைவரிசையும் வேறான 0.3-க்கு அது பொருந்தும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

இதய ஸ்டென்ட், மாற்றிய முழங்கால், பல் அடைத்தது, காப்பர்-டி, காட்டெருமை முட்டிக் கால் உடைந்தபோது வைத்த ராடு, பெரும்பாலும் இவற்றால் ஸ்கேனுக்குத் தடையில்லை. சொன்னால் போதும். ராடு இருக்கிற காலையே எடுக்க வேண்டுமென்றால் 1.5 நல்லது.

நம் பக்கம் தனியாகக் கேட்க வேண்டிய இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை நசுக்கிக் கிழிக்கிற சி.டி.சி. ரோலருக்குக் கூர் போடுகிறவர்கள், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள். கண்ணுக்குள் இரும்புத் துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே கெடுத்துவிடும். “எப்பவோ கண்ல பட்டுது, டாக்டர் எடுத்துட்டார்” என்று இருந்தாலும் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். அந்த எக்ஸ்ரேயை மேலேயே எடுத்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம். இரண்டாவது, வெலிங்டனைச் சுற்றிக் குடியிருக்கிற முன்னாள் ராணுவத்தினர். உடம்பில் எங்காவது குண்டுச் சில்லு தங்கியிருந்தால் அது எந்த இடம் என்பதை வைத்துத்தான் முடிவு.

போட்டிருப்பவை: தாலிக்கொடியை வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் தாலியில் கோத்து வைத்திருக்கிற ஊக்கை இழுக்கும். மெட்டி, மூக்குத்தி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழறாத மூக்குத்தியை முதல் நாளே தட்டானிடம் காட்டிவிடுங்கள். பழைய பச்சைக் குத்தலால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சொல்லி வையுங்கள், சூடாகத் தெரிந்தால் கையில் கொடுத்திருக்கிற பெல்லை அமுக்குங்கள்.

குளிருக்குப் போடுகிற உள்ளாடைகளில் சிலவற்றில் வெள்ளி இழையோ செம்பு இழையோ நெய்திருப்பார்கள். அது ரேடியோ அலையில் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். முதுகு வலிக்கு ஒட்டுகிற சூட்டுப் பட்டைகளில் இருப்பது இரும்புத் தூள். ஸ்வெட்டருக்குள் ஒட்டியிருப்பது மறந்தே போகும். சென்டரில் கொடுக்கிற பருத்தி உடைக்கு முழுவதுமாக மாறிவிடுங்கள். குளிர்ந்தால் போர்வை கேளுங்கள்.

துணைக்கு வருகிறவருக்கும் இதே விதி. கரண்ட் போனாலும், ஸ்கேன் ஓடாவிட்டாலும், அந்தக் காந்தம் எப்போதும் ‘ஆன்’தான். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஒரு உறவினரை மெஷின் சிலிண்டரோடு இழுத்து, அவர் இறந்தே போனார். வீல் சேர், வாக்கர், செல்போன், சாவி எதுவும் கதவுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது.

நான்காம் படி: படுக்க முடியுமா?

சாதாரணமாக 20 முதல் 40 நிமிஷம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். முடியுமா என்று வீட்டிலேயே பாருங்கள். தலையணை இல்லாமல், கண்ணை ஒரு துணியால் கட்டிக்கொண்டு, அரை மணி நேரம். மூச்சிரைப்பால் தட்டையாகப் படுக்கவே முடியாதவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முழங்கால், கணுக்காலுக்கு காலை முதலில் விட்டு எடுப்பார்கள், தலை வெளியிலேயே இருக்கும். பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எடை அதிகமென்றால் மேசையின் எடை வரம்பையும் கேளுங்கள்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியவர்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தைகள், அன்றே மலையேறாமல் கீழே தங்கிவிடுவது நல்லது. அரைத் தெளிவில் வளைவுகளில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்து உண்டு.

ஐந்தாம் படி: போனில் கேட்க வேண்டியவை

ரிசப்ஷனில் இருக்கிறவருக்குப் பாதி தெரியாது. “டெக்னீஷியன்கிட்ட குடுங்க” என்று கேளுங்கள். அவரிடம்:

எத்தனை டெஸ்லா, வாய் அகலம் 60-ஆ 70-ஆ?
எனக்கு எழுதியிருக்கிற பகுதிக்குத் தனிக் காயில் இருக்கிறதா?
(சீட்டைப் படித்துக் காட்டி) இந்தச் சந்தேகத்துக்கு உங்கள் மெஷின் சரிப்படுமா?
கான்ட்ராஸ்ட் தேவைப்பட்டால் அன்றைக்கே போடுவீர்களா, எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும்?
ரிப்போர்ட் எப்போது, படங்கள் டிஸ்க்கில் கிடைக்குமா?

மூன்றாவது கேள்விக்கு “இல்லீங்க, அதுக்கு வேற இடம் போங்க” என்று சொல்கிற டெக்னீஷியன் கிடைத்தால் அந்த நம்பரைச் சேமித்து வையுங்கள்.

கான்ட்ராஸ்ட் என்பது கடோலினியம் கலந்த ஊசி. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு, வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழ் இருந்தால், எந்த வகை மருந்து, போடலாமா என்று யோசித்துத்தான் போடுவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை மேலேயே எடுத்து ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். கீழே போய் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் அன்றைய நேரம் கைவிட்டுப் போகலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைக் கூடியவரை தவிர்ப்பார்கள்.

ஆறாம் படி: போகிற நாள்

காலை 11 மணிக்கு மேல் நேரம் வாங்குங்கள். விடியற்காலைப் பனிமூட்டத்தில் இறங்க வேண்டாம். மாலையில் வாங்கினால் இருட்டில் ஏற வேண்டும், கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் யானை ரோட்டில் நிற்கும். ஏப்ரல், மே சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. உள்ளூர்ப் பதிவெண் வண்டிக்கு வேண்டாம். ஆனால் கோவையில் இருக்கிற மகனின் காரில் திரும்பி ஏறுவதாக இருந்தால் அவன் எடுத்திருக்கிறானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பித்தக்குழாய்ப் படம், கான்ட்ராஸ்ட், மயக்க மருந்து என்றால் சாப்பாடு அவர்கள் சொன்ன நேரப்படிதான். மற்றவற்றுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுப் போகலாம், வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். வளைவில் குமட்டும் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்து தெளிந்துகொள்ளுங்கள். வயிறு புரட்டுகிறவரால் அசையாமல் படுக்க முடியாது. அசைந்தால் எந்த டெஸ்லாவிலும் படம் கலங்கும். சிக்கிள் செல் நோயாளிகள் வழியெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும். குளிரும் தண்ணீர்க் குறைவும் அவர்களுக்கு வலியைக் கிளப்பிவிடும், ஸ்கேன் அறையோ குளிர்ச்சியானது. இரட்டைப் போர்வை கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உள்ளே சத்தம் அதிகம். காதடைப்பான் கொடுப்பார்கள், அதைச் சரியாகச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். கைகளைக் கோத்துக்கொள்ளாதீர்கள், வெறும் தொடைகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் துணி வைக்கச் சொல்லுங்கள். தோல் தோலைத் தொட்டு வளையமானால் அந்த இடம் சுடும். பெல் உங்கள் கையில் இருக்கும்.

ஏழாம் படி: திரும்பும் முன்

ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஃபிலிமில் இருப்பது நூற்றுக்கணக்கான படங்களில் அவர்கள் பொறுக்கிய சில. முழுப் படங்களும் டைகாம் என்கிற, ஸ்கேன் படங்களுக்கான கம்ப்யூட்டர் வடிவத்தில் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ வேண்டும். வாட்ஸ்அப்பில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து அனுப்பினால் எந்த டாக்டராலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. டிஸ்க் திறக்கிறதா என்று அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயர், வயது, வலதா இடதா என்பதையும் சரிபாருங்கள். ரிப்போர்ட் மறுநாள்தான் என்றால் மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டு ஏறலாம், அதற்காக இன்னொரு முறை இறங்க வேண்டியதில்லை.

கான்ட்ராஸ்ட் போட்டிருந்தால் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் புறப்படுங்கள். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் அது குன்னூர் ரோட்டில் வராமல் அங்கேயே வரட்டும். பால் கொடுக்கிற தாய்மார்கள் பொதுவாகத் தொடர்ந்து கொடுக்கலாம். பழைய ஸ்கேன் டிஸ்க்குகளை ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். அடுத்த தடவை வேறு மெஷினில் எடுத்தாலும் பார்க்கிற டாக்டர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான்.